சுரபாயால முதல்ல சுட்டது யாரு? "முதுகுல குத்திட்டாங்க" கோஷ்டி வந்து பதில் சொல்லட்டும்

குமரன்_வடபழனி:
நேத்து ஒருத்தர் இந்தோனேசியா டூர் போட்டோ போட்டு அதுக்குக் கீழ எழுதியிருந்தாரு, "சமாதானம் பேச வந்த பிரிட்டிஷ் பிரிகேடியரை முதுகுல குத்திக் கொன்னாங்க, அதுக்கு வாங்கின அடியைத்தான் நவம்பர் 10 வீரர் தினம்னு கொண்டாடுறாங்க"ன்னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. ஜப்பான் சரணடைஞ்ச பிறகு, 1945 அக்டோபர் 25ம் தேதி, அந்த பிரிகேடியர் மல்லாபி தலைமையில பிரிட்டிஷ்காரனோட 49வது இந்தியன் பிரிகேட்ங்கிற படை இந்தோனேசியாவோட சுரபாயா ஊர்ல இறங்குச்சு. மறுநாளே உள்ளூர்க்காரங்களோட ஒப்பந்தம், ஜப்பான்காரன் ஆயுதத்தை மட்டும்தான் பறிப்போம், உங்க ஆயுதத்துல கை வைக்க மாட்டோம்னு. அதுக்கு அடுத்த நாள், 27ம் தேதி, ஜகார்த்தால இருந்து விமானம் வந்து ஊர் முழுக்க நோட்டீஸ் கொட்டுது, ஆயுதத்தை ஒப்படைக்கலேன்னா சுடப்படுவீங்கன்னு. கையெழுத்து போட்ட மை காயறதுக்குள்ள வாக்கு மாறினவன் யாரு, முதுகுல குத்தினவன் யாரு?

சுபேதார்_ஓய்வு:
தம்பி, நோட்டீஸ் போட்டது மேலிடம். மல்லாபிக்கே அது தெரியாது, அதிர்ந்து போனாரு, ஆனா உத்தரவுன்னு வந்தா சிப்பாய் செஞ்சுதான் ஆகணும். நீங்க கெட்டிக்காரத்தனமா 27ம் தேதியோட நிறுத்திட்டீங்க. நடுவுல சண்டை வெடிச்சு, 29ம் தேதி இந்தோனேசியா தலைவர் சுகர்னோவே விமானத்துல வந்து இறங்கினாரு, துணைத் தலைவர் ஹத்தாவும் வந்தாரு, 30ம் தேதி சண்டை நிறுத்தம் பேசி முடிச்சாச்சு. அன்னிக்கு இருட்டின நேரத்துல சிவப்புப் பாலம் பக்கத்துல கார்ல உக்காந்திருந்த மல்லாபியை ஒரு பதினாறு பதினேழு வயசுப் பையன் ஜன்னல் வழியா சுட்டான். அதே கார்ல இருந்த கேப்டன் ஸ்மித் கண்ணால பார்த்து சொன்னது இது. ஆயுதம் இல்லாம பேச வந்தவனை சுடறதுக்குப் பேரு வீரமா?

குமரன்_வடபழனி:
சார், கொன்னது யாருன்னு நான் கேக்கல, முதல்ல சுட்டது யாருன்னு கேட்டேன். பக்கத்துலயே இன்டர்நேஷியோ பில்டிங், உள்ள நம்ம இந்தியச் சிப்பாய்ங்க, வெளிய நூத்துக்கணக்குல கூட்டம். உள்ள இருந்தவங்களை மல்லாபியேதான் திரும்ப சுடச் சொன்னாருன்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட்லயே டாம் டிரைபர்க் 1946 பிப்ரவரில பேசியிருக்காரு. இந்தோனேசியாக்காரன் பேசல, லேபர் கட்சி எம்.பி. பேசினாரு. உள்ள இருந்து குண்டு வந்த பிறகுதான் வெளிய கூட்டம் வெறி பிடிச்சது. முதல் குண்டு யாருது?

பினாங்கு_மீனா:
ரெண்டு பேரும் அக்டோபர் 30ஐ மட்டும் பிடிச்சுத் தொங்குறீங்க. ஆகஸ்ட் 17ல இந்தோனேசியா சுதந்திரம்னு அறிவிச்சாச்சு, செப்டம்பர் 19ல முன்னாடி அங்க ஆண்ட டச்சுக்காரங்க யமாட்டோ ஹோட்டல் உச்சியில அவங்க கொடியை ஏத்தினாங்க, பையனுங்க மேல ஏறி நீலப் பட்டையைக் கிழிச்சு எறிஞ்சுட்டு மிச்ச சிவப்பு வெள்ளையை இந்தோனேசியா கொடியா பறக்க விட்டாங்க. ஊரே அன்னிக்குப் பத்திக்கிச்சு. ஜப்பான் ஆயுதக் கிடங்கு மொத்தமும் மக்கள் கையில வந்தாச்சு. அக்டோபர் 22ல ஹாஷிம் அஷ்அரி தலைமையில நஹ்தலத்துல் உலமாங்கிற முஸ்லிம் அமைப்பு ஜிஹாத் தீர்மானம் போட்டாச்சு. அப்படிப்பட்ட ஊருக்குள்ள வந்து துப்பாக்கியைக் கொடுன்னா யாரு கொடுப்பா? மல்லாபி செத்தாலும் சாகலேன்னாலும் சண்டை வந்திருக்கும்.

குமரன்_வடபழனி:
மீனாக்கா, அதெல்லாம் சரி, ஆனா கேள்வி அது இல்ல. முதல் குண்டு உள்ள இருந்து வந்துச்சா இல்லையா?

தஞ்சாவூர்_தம்பி:
குமரன் அண்ணன் போன மாசம் 1857 பத்தி பேசினப்பவும் இப்படித்தான், ஒரே கேள்வியை நாப்பது தடவை கேட்டே எல்லாரையும் விரட்டினாரு.

குமரன்_வடபழனி:
நாப்பது தடவை கேட்டும் பதில் வரலையே தம்பி, அதை சொல்ல மாட்டியா? அந்த விவாதத்துல நீ பாதியில ஓடினதை எல்லாரும் பார்த்தோம்.

சுபேதார்_ஓய்வு:
பதில் கேட்டா முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. 28ம் தேதி கூபெங் முகாம்ல இருந்து பெண்களையும் குழந்தைகளையும் ஏத்திக்கிட்டுப் போன லாரிகளை மறிச்சு தாக்கினாங்களே, அவங்களைக் காப்பாத்த குண்டு தீர்ற வரைக்கும் நின்னு செத்தது நம்ம இந்திய சிப்பாய். ஜப்பான்காரன் முகாம்ல மூணு வருஷம் அரைப்பட்டினி கிடந்த குழந்தைங்க அவங்க. 49வது பிரிகேடை ஊர் முழுக்க சின்னச் சின்ன கும்பலா பிரிச்சு நிறுத்தியிருந்தாங்க, ஒவ்வொரு கும்பலையும் ஆயிரக்கணக்குல சுத்தி வளைச்சாங்க. அந்தச் சிப்பாய்க்கு பர்மால சண்டை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம், தெரியாத ஊர்ல, தனக்கு சம்பந்தமே இல்லாத சண்டையில செத்தான். அவன் பேரை நீங்க ஒரு தடவையாவது சொன்னீங்களா? யூனிஃபார்ம் போட்டவன்னா உங்களுக்கு இளக்காரம், அவ்ளோதான்.

குமரன்_வடபழனி:
சிப்பாயை நான் எங்க சார் சொன்னேன்? அவனை அங்க கொண்டு போய் நிறுத்தினவனைத்தான் சொல்றேன். டச்சுக்காரன் தன் காலனியைத் திரும்பப் பிடிக்க பிரிட்டிஷ்காரன் வேலை பார்த்தான், அதுக்கு ரத்தம் நம்ம ரத்தம். நேரு அப்பவே கத்தினாரு, அடுத்தவன் சுதந்திரத்தை நசுக்க இந்தியப் படையை அனுப்பாதேன்னு. ஆஸ்திரேலியாவுல டச்சுக் கப்பல்ல வேலை பார்த்த இந்திய மாலுமிங்க ஆயுதம் ஏத்த மாட்டோம்னு கப்பலை விட்டு இறங்கினாங்க. அவங்களும் இந்தியர்தான், சோத்துக்கு வேலை பார்த்தவங்கதான், அவங்களுக்கு இருந்த முதுகெலும்பு... வேணாம், நீங்க கோவப்படுவீங்க.

சுபேதார்_ஓய்வு:
சொல்லி முடிங்க. பாதியில நிறுத்துறது எதுக்கு? படையில உத்தரவை மீறினா கோர்ட் மார்ஷல், ஏசி ரூம்ல உக்காந்து டைப் பண்றவருக்கு அது புரியாது.

பினாங்கு_மீனா:
சார், உத்தரவை மீறினவங்களும் இருந்தாங்க. நூத்துக்கணக்குல இந்திய சிப்பாய்ங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க, கொஞ்ச பேரு அங்கயே தங்கிட்டாங்க. இன்னொண்ணும் சொல்றேன். நவம்பர் 5ல டெல்லி செங்கோட்டைல நேதாஜியோட ஐ.என்.ஏ. படைக்காரங்க மேல விசாரணை ஆரம்பிக்குது, அஞ்சு நாள் கழிச்சு அதே இந்திய ராணுவம் சுரபாயா மேல குண்டு போடுது. எங்க தாத்தா மலாயாத் தோட்டத்துல இருந்து ஐ.என்.ஏ.ல சேர்ந்தவரு. எங்க வீட்டுல இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பேசுவாங்க.

சுபேதார்_ஓய்வு:
வந்துட்டாங்கய்யா. ஐ.என்.ஏ.ன்னு சொல்லிட்டா மத்தவன் எல்லாம் துரோகி. பர்மால ஜப்பான்காரனை அடிச்சு விரட்டினது யாரும்மா, வானத்துல இருந்து வந்தவனா?

பினாங்கு_மீனா:
துரோகின்னு நான் சொன்னேனா? நான் எழுதாததை என் பேர்ல ஏத்தாதீங்க சார். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில எத்தனை தமிழன் செத்தான்னு எங்களுக்குத் தெரியும், ஜப்பான்காரனுக்கு நான் வக்காலத்து வாங்க வரல.

தஞ்சாவூர்_தம்பி:
அப்போ அந்த ஸ்மித் கிரனேட் போட்டது உண்மையா பொய்யா?

குமரன்_வடபழனி:
ஆங், இப்பத்தான் தம்பி விஷயத்துக்கு வந்தான். மல்லாபி செத்த பிறகுதான் வீசினேன்னு ஸ்மித்தே சொல்றாரு, அந்த கிரனேட் வெடிச்சு காரோட பின் சீட் தீப்பிடிச்சது, இவங்க ரெண்டு மூணு பேரு கலிமாஸ் ஆத்துல குதிச்சு தப்பிச்சாங்க. அதாவது பிரிகேடியர் உடம்பு கருகினதுக்குக் காரணம் அவரோட ஆளு வீசின குண்டு. ஆனா ஊருக்கு சொன்னது என்ன? காட்டுமிராண்டித்தனமா கொன்னுட்டாங்கன்னு. அதை வச்சுத்தான் பிரிட்டிஷ் தளபதி கிறிஸ்டிசன் மிரட்டல் விட்டாரு, ஜெனரல் மான்சர்க் அஞ்சாவது டிவிஷனோட வந்து இறங்கினாரு, தலைவருங்க எல்லாம் கையைத் தலைக்கு மேல தூக்கிட்டு வரிசையா வரணும், நவம்பர் 10 காலைல ஆறு மணி வரைக்கும் டைம்னு சொன்னாரு. இந்தோனேசியாக்காரங்களோட கவர்னர் சுர்யோ ரேடியோலயே முடியாதுன்னுட்டாரு. ரேடியோல பேசின பூங் டோமோ மைக்கைப் பிடிச்சா ஊரே தெருவுக்கு வரும், மூங்கில் ஈட்டியோட டாங்கி முன்னாடி போய் நின்ன பசங்க அவங்க. கப்பல்ல இருந்து பீரங்கி, மேல இருந்து விமானம், மூணு வாரம் சந்து சந்தா சண்டை. செத்தவங்க ஆறாயிரம்னு ஒருத்தன் சொல்றான், பதினாறாயிரம்னு இன்னொருத்தன். ஊரு போச்சு, ஆனா இவனுங்க ஜப்பான்காரன் ஜோடிச்ச பொம்மை அரசாங்கம்னு டச்சுக்காரன் சொல்லிட்டிருந்த கதையும் அதோட போச்சு. இதை அடி வாங்கினதுன்னு சொல்றவனுக்கு வரலாறு தெரியல.

சுபேதார்_ஓய்வு:
கேப்டன் ஸ்மித் சாட்சியில கிரனேட் மட்டும் உங்களுக்கு உண்மை, ஜன்னல் வழியா பையன் சுட்டது மட்டும் பொய். ரொம்ப வசதி. அந்தப் பையன் ரெண்டாவது தடவையும் வந்து சுட்டான்யா.

குமரன்_வடபழனி:
பொய்னு சொல்லல. அது அப்புறம் நடந்தது. அதுக்கு முன்னாடி பில்டிங்ல இருந்து வந்த குண்டு?

சுபேதார்_ஓய்வு:
கூபெங் லாரி?

பினாங்கு_மீனா:
அந்த டூர் போட்டோ போட்டவரை இங்க கூப்பிட்டாச்சா? அவரு அங்க ஜாலியா ஐம்பது லைக் வாங்கிட்டு இருக்காரு.

குமரன்_வடபழனி:
கூப்பிட்டேன் அக்கா, பிளாக் பண்ணிட்டாரு. பரவால்ல, சுபேதார் சார் இருக்காரு. சார், மூணாவது தடவை கேக்குறேன், இன்டர்நேஷியோ மாடில இருந்து சுடச் சொன்னது யாரு?