ஒன்பதாவதை இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா? 400 மீட்டர் ஓடும் பெண்ணுக்காகக் கேட்கிறேன்

வேலந்தாவளம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலையில் பால் அளந்து முடித்த கையோடு பாப்பாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்து கிரவுண்டுக்குக் கூட்டிப் போவதும் என் வேலைதான். அவங்கப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் இதை உட்கார்ந்து யோசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

பாப்பா பிறந்தது 2011 டிசம்பர் 28. மீட் என்கிற தடகளப் போட்டிகள் பலவற்றில் பிறந்த வருடத்தைத்தான் கணக்கு வைப்பதால், ஜனவரியில் பிறந்த பிள்ளைகளோடு நின்று ஓட வேண்டியிருக்கிறது. "நாலு நாள் தள்ளிப் பிறந்திருக்கக் கூடாதா சேச்சி" என்று மாஷ், அதாவது பாப்பாவுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச், என்னிடமே கேட்பார். பிரசவ வார்டில் நான் ஏதோ அவசரப்பட்டுவிட்ட மாதிரி.

400 மீட்டர் 61 விநாடிக்கு வந்திருந்தாள். அக்டோபரில் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் ஓட்டமே இல்லை. கோயம்புத்தூருக்கு ஃபிசியோதெரபிக்குப் போய் வந்ததில் பள்ளிக்கூடமும் பாதி நாள் போயிற்று. இங்கே கேரளத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 சதவீதம் பாஸ் மார்க் என்பது 2024-25-ல் எட்டாவதுக்கும் 2025-26-ல் ஒன்பதாவதுக்கும் வந்திருக்கிறது. கணக்கிலும் பிசிக்ஸிலும் பாப்பா அதைத் தொடவில்லை. கூடுதல் வகுப்பு வைத்து மறுபடி பரீட்சை எழுத விடுகிறார்கள், அதில் தேறிப் பத்தாவது போகலாம்.

மாஷ் சொல்வது வேறு. "எதுக்கு ஓடி ஓடிப் பத்தாவது போகணும்? ஒன்பதிலேயே ஒரு வருஷம் இருக்கட்டும். கால் ஆறும், பலம் வரும், மீட்டிலும் ஒரு வருஷம் கூடும்" என்கிறார்.

நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகனும் அதையே சொல்கிறான். அங்கே இதற்கு ரீகிளாஸ் என்று பேராம். வசதியான வீட்டுப் பிள்ளைகளையே வேண்டுமென்று ஒரு வருடம் நிறுத்தி வைப்பார்களாம், அதற்குள் உயரமும் வேகமும் கூடி காலேஜ் கோச் கண்ணில் படுவார்களாம். பாப்பாவுக்கும் அப்படி அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் பார்க்கலாம் என்கிறான்.

ஒரு வருடம் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பின்னால் காலேஜில் சேரும்போது இந்த வருடம் குறுக்கே வந்து நிற்குமா? இங்கேயும் சரி, அங்கேயும் சரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவிந்தாபுரம் ராஜா:

அக்கா, தாராளமா நிறுத்துங்க. என் மச்சான் பத்தாவதை மூணு தடவை எழுதினான். இப்போ திருப்பூரில் சொந்தமாக பனியன் யூனிட் வைத்திருக்கிறான். படிப்பில் ஒரு வருடமெல்லாம் ஒரு கணக்கா?

பி.டி. வாத்தியார் (ரிட்டயர்டு), பொள்ளாச்சி:

ராஜா தம்பி, அந்தப் பெண் பனியன் தைக்கக் கேட்கவில்லை, ஓடக் கேட்கிறது.

அம்மிணி, இந்தியக் கணக்கை நான் சொல்கிறேன். நம் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. உங்கள் கேரளத்தில் சப் ஜூனியர், ஜூனியர், சீனியர் என்பதும் இதுதான். மூன்றுமே பிறந்த தேதியை வைத்துத்தான். பாப்பா ஒன்பதாவதில் இருந்தாலும் பத்தாவதில் இருந்தாலும் அடுத்த வருடம் அதே ஜூனியர் பிரிவில், அதே பிள்ளைகளோடுதான் நிற்பாள். வகுப்பை இறக்கினால் எதிராளி சின்னதாகிவிடுவார் என்று நினைக்கும் பெற்றோரை முப்பது வருடமாகப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மாஷ் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா நேராகப் படித்தால் 2029 மார்ச்சில் பிளஸ் டூ முடிக்கும்போது 17 வயதுதான். சீனியர் பிரிவில் ஓட வயது பாக்கி இருக்கும், ஆனால் பள்ளிக்கூடம் முடிந்திருக்கும். ஒரு வருடம் தங்கினால் 2029-30 பள்ளி மீட்டிலும் ஓடலாம். அந்த ஒரு மீட் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒன்பதாவதை அடகு வைக்க வேண்டுமா? அதே வயதில் காலேஜில் இருந்துகொண்டே தடகள சம்மேளனத்தின் 20 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் ஓடலாமே. அங்கே எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கும் 17-க்கு மேல், 25-க்குள் இருந்தால் போதும். அதனால் இந்தியாவில் அந்த வருடம் உங்களைத் தடுக்கவும் தடுக்காது, தூக்கியும் விடாது.

டிசம்பர் பிறப்புக்காகவும் கவலைப்பட வேண்டாம். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் ஜூனியர் நேஷனல்ஸ் நடந்தது. டெல்லியிலிருந்து வந்த தேஜஸ்வின் சங்கர் என்ற தமிழ்ப் பையன் உயரம் தாண்டுதலில் 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையை உடைத்தான். ஜூனியர் மீட்டில் சீனியர் சாதனை. அப்போது அவனுக்கு 17 வயது, பிறந்தது 1998 டிசம்பர் 21. அடுத்த வருடம் அமெரிக்காவில் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தான். 2018-லும் 2022-லும் அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் சாம்பியன் பட்டம் வாங்கினான்.

அமெரிக்க விதி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஒஹாயோ மீனாட்சிபுரம்:

வாத்தியார் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். நான் கோச் இல்லை. தங்கை மகளுக்காக என்.சி.ஏ.ஏ. காகிதங்களோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான். அவளும் நீச்சலுக்காக ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தவள், அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அக்கா, உங்கள் பெரியம்மா மகன் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். இங்கே விவரம் தெரிந்தவர்கள் பிள்ளையை நிறுத்துவது எட்டாவதில். ஒன்பதாவதில் இல்லை. காரணம் இருக்கிறது.

முழு ஸ்காலர்ஷிப் அதிகம் கிடைப்பது டிவிஷன் ஒன் என்ற மேல் பிரிவில். அதில் சேர, ஒன்பதாவது தொடங்கி நான்கு வருடத்துக்குள் 16 மையப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கூடுதலாக, சமூக அறிவியல் 2, மிச்சம் 4 மொழி போன்ற பாடங்கள். ஒரு வருடம் படித்தால் ஒரு பாடம் என்று கணக்கு. அந்த நான்கு வருடம் எப்போது தொடங்குகிறது என்றால், பிள்ளை முதல் தடவை ஒன்பதாவதில் காலெடுத்து வைத்த அன்று. பாப்பாவுக்கு 2025 ஜூனிலேயே துப்பாக்கி வெடித்தாயிற்று அக்கா. நடுவில் நின்றாலும் விநாடி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது அவள் ஒன்பதாவதை மறுபடி படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான்கு வருடம் முடியும் 2029 மார்ச்சில் அவள் பதினொன்றாவதுதான் முடித்திருப்பாள். பன்னிரண்டாவதில் எடுக்கும் மார்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. ஒன்பதாவதை இரண்டு தடவை படித்ததற்கு இரண்டு பாடமாகவும் எண்ண மாட்டார்கள். இரண்டில் நல்ல மார்க்கை எடுத்துக்கொள்வார்கள், எண்ணிக்கை கூடாது. ஆக 16 பாடம் தேறாமல் போக வாய்ப்பு அதிகம். எங்கள் பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. கோயம்புத்தூரில் அவள் பயிற்சி எடுத்த இடத்தில் "ஒன்பதாவது மார்க்கை யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். என்.சி.ஏ.ஏ. முதலில் கேட்டதே அதைத்தான். இந்தியப் பிள்ளைகளுக்கு ஒன்பதாவதிலிருந்து ஒவ்வொரு வருட மார்க் ஷீட்டும் வேண்டும், பத்து, பன்னிரண்டு போர்டு மார்க் மட்டும் போதாது.

இன்னொன்றும் உண்டு. அந்த 16-ல் 10 பாடம் கடைசி வருடம் தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்த மார்க் அப்படியே பூட்டிக்கொள்ளும், பிறகு எழுதி உயர்த்த முடியாது. மொத்தச் சராசரி அவர்களுடைய 4-க்கான அளவில் 2.3 வேண்டும். அதனால் ஒன்பதாவதில் கணக்குப் பாடத்தில் வாங்கும் மார்க் உங்களுக்கு விளையாட்டு இல்லை. காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு கட்டாயம் என்ற விதியை மட்டும் 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். காலேஜ் தனியாகக் கேட்டால் எழுத வேண்டும்.

பாப்பா வளர ஒரு வருடம் வேண்டும் என்றுதான் மாஷ் நினைக்கிறார் என்றால், அந்த வருடத்தைப் பிளஸ் டூவுக்குப் பின்னால் வையுங்கள். நேரத்துக்கு முடித்தவர்களுக்கு, முடித்த பிறகான ஒரு வருடத்துக்குள் ஒரு மையப் பாடம் மட்டும் கூடுதலாகச் சேர்க்க அனுமதி உண்டு. நேரத்துக்கு முடிக்காதவர்களுக்கு அந்த ஒன்றும் கிடையாது.

கதவு ஒரேயடியாக மூடிவிடும் என்று பயமுறுத்தவில்லை. டிவிஷன் டூவில் 16 பாடம், 2.2 சராசரி உண்டு, ஆனால் நான்கு வருடக் கெடு கிடையாது. காலேஜில் முழுநேர மாணவராகச் சேரும் வரை படித்ததெல்லாம் சேரும். எங்கள் பெண் அப்படித்தான் நுழைந்தாள், நன்றாக நீந்துகிறாள். ஸ்காலர்ஷிப் பாதிதான், மீதியை என் தங்கை நகையை வைத்துக் கட்டுகிறாள். டிவிஷன் த்ரீ பக்கம் போனால் விளையாட்டுக்கென்று பணமே தர மாட்டார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலந்தாவளம் அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராஜா தம்பிக்கும்தான், சிரிக்க வைத்ததற்கு.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கால் அடிபட்டதற்கு டாக்டர் சீட்டு, ஸ்கேன் எல்லாம் இருக்கிறதே, அதைக் காட்டி விலக்கு வாங்க முடியாதா? அப்புறம் இன்னொருவர் ஒரு யோசனை சொன்னார். வாளையார் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் டி.சி.யைக் கொஞ்சம் மாற்றி எட்டாவதில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்களாம். பிறந்த வருடத்தையும் 2012 ஆக்கித் தருவாராம். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஒஹாயோ மீனாட்சிபுரம்:

விலக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கேட்க முடியாது, உங்கள் பெண்ணை எடுத்துக்கொள்ள விரும்பும் காலேஜ்தான் எழுதிக் கேட்க வேண்டும். அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டுமென்றால் அவள் அவர்களுக்கு அவ்வளவு தேவையான ஓட்டக்காரியாக இருக்க வேண்டும். கற்றலைப் பாதிக்கும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் காலம் உண்டு. தசைப்பிடிப்பு அதில் வராது.

பி.டி. வாத்தியார் (ரிட்டயர்டு), பொள்ளாச்சி:

பதில் சொல்லாமல் வந்தது நல்லது. அந்த ஆளின் நம்பர் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஆதாரில் ஒரு தேதி, பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிக்கூடத்தில் ஒரு தேதி என்று வைத்துக்கொண்டு பாப்பா எத்தனை மீட்டில் நெஞ்சு படபடக்க நிற்பாள்? கிரிக்கெட்டில் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களை இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தேதியை மாற்றலாம், மணிக்கட்டை மாற்ற முடியாது. என் காலத்தில் நல்ல பையன் ஒருவன் நேஷனல்ஸ் போக வேண்டிய வாரத்தில் இப்படி மாட்டினான். தப்பு அவனுடையது இல்லை, அவன் அப்பாவுடையது. அதற்குப் பிறகு அவன் கிரவுண்டுக்கே வரவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்றும் சிலர் ஆசை காட்டுவார்கள். அதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவதில் வந்து நின்றால் கிடைக்காது. கேரளத்தில் இருந்தால் பிளஸ் ஒன் சேரும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஸ்கோர் கார்டு இருக்கிறது, விளையாட்டுக்கு கிரேஸ் மார்க் இருக்கிறது. கையில் இருப்பதை ஏன் விடுகிறீர்கள்?

வேலந்தாவளம் அம்மா:

மாஷிடம் நேற்றே பேசிவிட்டேன். ஒன்பதாவதிலிருந்து நான்கு வருடம் என்ற அந்த விதியை விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் விசிலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அது எனக்குத் தெரியாது சேச்சி" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இத்தனை வருடமாகக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். பரீட்சை முடியும் வரை காலை ஓட்டம் மட்டும் போதும், சாயங்காலம் கணக்கு படிக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். சொசைட்டி செக்ரட்டரி மகன் எம்.எஸ்சி. கணக்கு படிக்கிறான், அவனிடம் அனுப்புகிறேன். பாப்பாவுக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று. ஒன்பதிலேயே இருந்தால் கணக்கிலிருந்து ஒரு வருடம் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாளாம்.

ஒஹாயோ அண்ணா, கடைசியாக ஒன்று. இவள் படிப்பது தமிழ் மீடியம். மார்க் ஷீட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ். அப்படியே அனுப்பலாமா?

ஒஹாயோ மீனாட்சிபுரம்:

மூலமும் வேண்டும், அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் வேண்டும். இப்போதே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒன்பதாவது மார்க் ஷீட்டைப் பள்ளி சீலோடு, ஹெட்மாஸ்டர் கையெழுத்தோடு இந்த மே மாதமே வாங்கி பத்திரமாக வைத்துவிடுங்கள். எங்களுக்கு மூன்று வருடம் கழித்துக் கேட்டபோது ரெஜிஸ்டரைக் கரையான் அரித்திருந்தது.