500 சதவீத டிவிடெண்டும் ஏற்காட்டு மிளகுக் கொடியும்

டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம், நிறையத் தருகிற கம்பெனிதான் நல்ல கம்பெனியா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2019-ல் ஒரு கம்பெனி 500 சதவீத டிவிடெண்ட் அறிவித்தது. பரவசத்தோடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் ஓடினேன்.

"முகமதிப்பு எவ்வளவு மாப்ளே?" என்றார்.

2 ரூபாய். டிவிடெண்ட் சதவீதம் பங்கில் குறித்திருக்கும் இந்த மதிப்பின் மேல்தான், சந்தை விலையின் மேல் அல்ல. அப்படியென்றால் பங்குக்கு 10 ரூபாய்தான். சந்தை விலையோ 800. ஒன்றேகால் சதவீதம்! எக்ஸ் தேதி அன்று, அதாவது அந்த டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில், விலையும் ஏறக்குறைய அந்தப் பத்து ரூபாய் குறைந்தே திறந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வருகிறது. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு, செஸ்ஸும் சேர்வதால், 10 ரூபாயில் 7 கூட நிற்காது.

ஆனாலும் மாமா டிவிடெண்டை லேசாக எண்ணவில்லை. "கொலுசு கொடுத்ததுமே நோட்டில் லாபம் எழுதிவிடலாம். கடைக்காரர் பணம் தந்தால்தானே ஆளுக்குக் கூலி? வருஷம் தவறாமல் டிவிடெண்ட் தருகிறவன் கல்லாவில் காசு புழங்குகிறது" என்றார். கடன் வாங்கி டிவிடெண்ட் தருகிறவர்களும் உண்டு. அதனால் ஆண்டறிக்கையில் பணப்புழக்கக் கணக்கை, அதாவது நிஜமாகக் கைக்கு வந்து போன பணத்தின் கணக்கை, பார்க்காமல் நான் இப்போது எதையும் வாங்குவதில்லை. முதலீட்டு நூல்கள் எழுதிய அமெரிக்கர் பெஞ்சமின் கிரஹாம், பாதுகாப்பு தேடும் முதலீட்டாளருக்கு 20 வருடம் விடாமல் டிவிடெண்ட் தந்த கம்பெனியைத்தான் சொன்னார். ஆனால் அவருடைய மாணவரும் பெரிய முதலீட்டாளருமான வாரன் பஃபெட்டின் கம்பெனி பெர்க்‌ஷயர் 1967-ல் ஒரே ஒரு முறை கொடுத்ததோடு சரி.

இந்த முரண் எனக்குப் புரிந்தது ஏற்காட்டில். நண்பரின் அப்பா பழைய காப்பிச் செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்தார், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினார். நான்கு வருடம் தம்பிகளுக்குப் பங்குப் பணமே தரவில்லை. வீட்டில் பெரிய சண்டை. "எடுத்துக் கொடுத்தால் பேங்கில்தானே போடுவீர்கள்? இந்த மண்ணில் போட்டால் அதைவிட அதிகம் வரும்" என்று பிடிவாதமாக நின்றார். இப்போது காப்பியோடு மிளகும் காசாகிறது. பஃபெட்டின் கணக்கும் இதுதான்.

ஆனால் எல்லோரும் அவர் மாதிரி இல்லை. டிவிடெண்டே தராத ஒரு கம்பெனியை ஆறு வருடம் வைத்திருந்தேன். சேர்த்த பணத்தையெல்லாம் சம்பந்தமே இல்லாத தொழிலில் கொட்டித் தொலைத்தார்கள். அந்தப் பணத்தை எங்களிடமே தந்திருக்கலாம் என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் ஒன்று. வீட்டில் பெரியவர்கள் பெயரில் பழைய பங்குகள் இருந்தால் வங்கி விவரத்தைச் சரிபாருங்கள். தொடர்ந்து 7 வருடம் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால், பங்குகளே அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அப்பாவின் பங்குகளை அங்கிருந்து மீட்கத்தான் நான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன்.