சென்னை – கன்னியாகுமரி, கடலோரமாகவே ரோடு பைக்கில்: ரூட் எப்படிப் போடுவது?

அடையாறு700சி:

ஜனவரி கடைசி வாரம், தனியாக, சென்னையிலிருந்து கன்னியாகுமரி. திருச்சி – மதுரை நான்குவழிச்சாலை வேண்டாம், கடலோரமாகவே போக வேண்டும். அலுமினிய ரோடு பைக், 28 மி.மீ. டயர், ரிம் பிரேக், பிரெஸ்டா (மெல்லிய வால்வு) ட்யூப். பைகளோடு சுமை 6 கிலோ, என் எடை 74.

புதுச்சேரி வரை ரோடு தெரியும். அதற்குத் தெற்கே ஒரு கிலோமீட்டரும் தெரியாது. ரைட் வித் ஜிபிஎஸ் என்ற ரூட் போடும் செயலியில் கோடு இழுத்தால் 770 கி.மீ. சொச்சம் காட்டுகிறது. ஐந்து நாள், தினம் 155 என்று பிரித்திருக்கிறேன். மேடு கிடையாது என்பதால் முடியும் என்பது என் கணக்கு.

கேட்க நினைப்பது: சாலை தார் போட்டதா இல்லையா என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? எந்தப் பகுதியில் கடை, தண்ணீர் இருக்காது? கடலை ஒட்டிய கிராமச் சாலைகள் வரைபடத்தில் அழகாகத் தெரிகின்றன, அதில் போகலாமா?

வரைபடப்பித்தன்:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ரூட் கெடுவது அங்கேதான்.

கடலோரத்தில் திட்டம் போடும்போது முதலில் பாலங்களைக் குறியுங்கள், சாலையை அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொரு ஆறும் கடலில் சேரும் இடத்தில் கிராமச் சாலை முட்டுச்சந்தாக நின்றுவிடும். உதாரணம் கொள்ளிடம். பிச்சாவரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கரையோரமாகத் தெற்கே பழையாறுக்குப் போய்விடலாம் என்று வரைபடத்தில் தோன்றும். நடுவே ஆற்றின் முகத்துவாரம். சிதம்பரத்துக்குத் திரும்பி வந்து, நெடுஞ்சாலைப் பாலத்தில் கடந்து, கொள்ளிடம் ஊர் வழியாகச் சீர்காழி போவதுதான் வழி. கோடியக்கரையும் அப்படித்தான். வேதாரண்யத்திலிருந்து போய், அதே சாலையில் திரும்ப வேண்டும், போக வர 20 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து முத்துப்பேட்டைக்குக் கரையோரமாகச் சாலை இல்லை, சதுப்புநிலம்.

செயலி சொல்லும் வழியை ஏன் அப்படியே நம்பக்கூடாது? ரைட் வித் ஜிபிஎஸ், அதேபோன்ற கோமூட் இரண்டும், தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர் கிராமச் சாலைகள் பலவற்றுக்கு அதில் 'மேற்பரப்பு' என்ற குறிப்பே இருக்காது. குறிப்பு இல்லாவிட்டால் சாலையின் வகையை வைத்துத் தார் என்று ஊகித்துவிடும். கூகுள் மேப்பின் டூவீலர் மோடு இன்னும் மோசம், இரண்டு நிமிடம் மிச்சமாகிறது என்று வாய்க்கால் கரையில் ஏற்றிவிடும்.

ஆகவே கோடு போட்டபின் சாட்டிலைட் படத்தில் முழு வழியையும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். ஒரு நாள் வழிக்கு அரை மணி நேரம் போதும். ஒரே அகலத்தில் கருஞ்சாம்பலாக ஓடினால் தார். வெளிர் நிறத்தில் ஓரம் கூர்மையாக இருந்தால் கான்கிரீட். பழுப்பாக, அகலம் கூடிக் குறைந்து போனால் கப்பி அல்லது மணல். சந்தேகமான இடத்தில் ஸ்ட்ரீட் வியூ திறந்து, படம் எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிய படத்தை வைத்துச் சாலையின் தரத்தைச் சொல்ல முடியாது. சைக்கிள்காரர்கள் அதிகம் போகும் சாலையைப் பளிச்சென்று காட்டும் ஸ்ட்ராவா ஹீட்மேப்பும் உதவும், ஆனால் தொண்டிக்குத் தெற்கே கோடு மங்கலாக இருந்தால் சாலை மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சைக்கிளில் போகிறவர் குறைவு, அவ்வளவுதான்.

ஜிபிஎக்ஸ் கோப்பை (வழியைப் பதிந்த கோப்பு) நாளுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். 770 கி.மீ. ஒரே கோப்பாக இருந்தால் ஹேண்டில்பாரில் மாட்டும் பழைய ஜிபிஎஸ் கருவிகள் திணறும், நடுவில் வழி மாற்றினாலும் சிக்கல். போனில் இணையம் இல்லாமலே ஓடும் ஆஸ்மாண்டோ ஆர்கானிக் மேப்ஸோ போட்டுத் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதை விட்டால் அங்கே வரைபடம் வெறுமையாகிவிடும்.

கச்சான்காற்று:

ஐந்து நாள் கணக்கில் ஓட்டை இருக்கிறது நண்பா. தினம் 155 என்று சமமாக வெட்டினால் மூன்றாம் இரவு கோட்டைப்பட்டினம் – மீமிசல் பக்கம் விழும். தங்க இடம் கிடைக்கும் என்று நம்பி அங்கே இறங்க முடியாது. ஊர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாளை முடிக்க வேண்டும். நான் சொல்வது ஆறு நாள்:

சென்னை – புதுச்சேரி சுமார் 155
புதுச்சேரி – நாகப்பட்டினம் சுமார் 150
நாகை – திருத்துறைப்பூண்டி – முத்துப்பேட்டை – பட்டுக்கோட்டை, 100க்குள்
பட்டுக்கோட்டை – மீமிசல் – தொண்டி – ராமநாதபுரம் சுமார் 140
ராமநாதபுரம் – சாயல்குடி – தூத்துக்குடி சுமார் 120
தூத்துக்குடி – திருச்செந்தூர் – உவரி – கன்னியாகுமரி சுமார் 130

மூன்றாம் நாளைச் சின்னதாக வைத்தது வேண்டுமென்றேதான். அடுத்த நாள் நீளமானது, கடை குறைவானது, மேலும் தொண்டிப் பக்கம் ரயிலும் கிடையாது. மற்ற இடங்களில் வண்டி படுத்துவிட்டால் பெரும்பாலும் சிதம்பரம், நாகை, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம் என்று ரயில் நிலையம் ஏதாவது ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

மேடு இல்லை என்பது சரி. ஆனால் கடலோரத்தில் காற்றுதான் மலை. சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகிறவர், 15 கி.மீ. எதிர்காற்றில் அதே உழைப்புக்கு 17 அளவில்தான் போவார். ஆறு மணி நேர நாள் ஒன்பது மணி நேரமாகும். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வாடை, உங்கள் போக்கோ தென்மேற்கு, ஆக முதுகில் தள்ளும். மாதத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். இதையே ஜூலையில் கேட்டிருந்தால் கன்னியாகுமரியில் ஏறி வடக்கே வரச் சொல்லியிருப்பேன். ஆடிக்காற்றில் திருச்செந்தூருக்குத் தெற்கே தேரி மணலும் (செம்மணல் மேட்டு மணல்) சாலையில் ஏறும்.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி ஆசை இருந்தால் தனி நாள் ஒதுக்குங்கள். ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 150ஐத் தொடும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், பக்கவாட்டுக் காற்று. பெரிய பேருந்து ஒன்று கடக்கும் நொடியில் காற்று நின்று, மறுநொடி திரும்ப அடிக்கும். சைக்கிள் ஓரடி விலகும். ஹேண்டில்பாரைக் கீழ்ப்பிடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர்பலகை:

ரூட்டைப் பற்றி இரண்டு பேரும் சொல்லியாயிற்று. டயரை யாரும் தொடவில்லை.

28 போதும், ஆனால் பிரேக் இடம் கொடுத்தால் 30 போடுங்கள். காரணம் சீமைக்கருவேலம். மீமிசலில் தொடங்கித் தூத்துக்குடி வரை சாலையின் இரு பக்கமும் அதுதான். விறகு ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து கிளை விழும், லாரி ஏறி நசுக்கும், முள் மட்டும் தாரில் கிடக்கும். ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே போகாதீர்கள். கோட்டின் மேலோ, அதற்கு ஒரு சாண் உள்ளேயோ ஓட்டினால் பாதி பஞ்சர் குறையும்.

முள் குத்தினால் வெளியே இருக்கும் பகுதி முறிந்துவிடும், நுனி ரப்பருக்குள் தங்கும். ட்யூபை மட்டும் மாற்றிப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். ட்யூபைக் கழற்றும்போது டயரில் எந்த இடத்தில் வால்வு இருந்தது என்று அடையாளம் வையுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை விரற்கடை என்று அளந்தால் டயரில் முள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். உள்பக்கம் பஞ்சை வைத்துத் தடவுங்கள், நார் சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். முளைத்து நிற்கும் நுனியைச் சிறு இடுக்கியால் இழுங்கள், வராவிட்டால் வெளியிலிருந்து ஊசியால் உள்ளே தள்ளி எடுங்கள். நான்குவழிச்சாலை ஓரத்தில் இதே வேலையைச் செய்வது லாரி டயரின் எஃகுக் கம்பி. தலைமுடி அளவுதான் இருக்கும், கண்ணில் படாது.

கொண்டுபோக வேண்டியது: ட்யூப் 3, ஒட்டு 8, புது பசைக் குழாய் (ஒருமுறை திறந்தது பையிலேயே காய்ந்துவிடும்), டயர் லீவர் 2, சங்கிலி இணைப்பான் 1, பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு 6 செ.மீ. அப்புறம் பித்தளை அடாப்டர் 2. பிரெஸ்டாவுக்கு அது இருந்தால்தான் சாலையோரப் பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்று ஏற்ற முடியும். வால்வு நுனியின் திருகைத் தளர்த்திவிட்டு அடாப்டரை மாட்டுங்கள். கடைக்காரரிடம் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், லாரிக்கு அடிப்பதுபோல் ஒரே மூச்சில் அடித்தால் ட்யூப் வெடிக்கும். உங்கள் எடைக்கு 28இல் முன்னே 70, பின்னே 80 பிஎஸ்ஐ போதும்.

உப்புக்காற்றில் சங்கிலி ஒரே இரவில் துரு காட்டும். தினமும் மாலையில் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் போட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தூத்துக்குடி உப்பளப் பக்கம் லாரியிலிருந்து உப்புநீர் சொட்டும், அன்றைக்கு நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும்.

டெல்டாக்காரன்:

நாகைப் பக்கம் ஜனவரி கடைசி என்றால் சம்பா அறுவடை. அதற்குத் தகுந்தாற்போல் திட்டம் வேண்டும் தம்பி. சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், வழுக்கும், திட்டும் விழும். வைக்கோல் கிடந்தால் பெடலை நிறுத்தி உருட்டிக்கொண்டே கடந்துவிடுங்கள். மிதித்தால் பின் டீரெய்லரின் (கியர் மாற்றும் பாகம்) சின்னப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கரையே வளைத்துவிடும். ஒரு ஹேங்கர் உதிரியாக வைத்துக்கொள்வது நல்லது, உங்கள் மாடலுக்கானது வழியில் எங்கேயும் கிடைக்காது. அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சேறு இருக்கும். விடியற்காலைப் பனியில் அது சோப்பு மாதிரி.

கடை விஷயம். அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டியில் வெள்ளிக்கிழமை 12.30 முதல் 2 வரை ஜும்ஆவுக்குப் பல கடைகள் மூடியிருக்கும். மணப்பாடு, உவரியில் ஞாயிறு காலை பூசை முடிந்துதான் சுறுசுறுப்பு. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், ஊரில் அறையும் கிடைக்காது. தேதியைக் காலண்டரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு, கேன் தண்ணீர்தான். 750 மி.லி. பாட்டில் இரண்டோடு, நான்காம், ஐந்தாம் நாட்களில் ஒரு லிட்டர் கூடுதலாக. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் போட்டால் வயிறு கெடும்.

பித்தன் சொன்னதில் ஒரு திருத்தம். நெடுஞ்சாலையையே பிடித்துப் போனால் புறவழிச்சாலையில் டீக்கடைகூட வராது. சிதம்பரம், சீர்காழியில் ஊருக்குள் போகும் பழைய சாலையைக் கோட்டில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடினாலும் சாப்பாடு கிடைக்கும்.

அடையாறு700சி:

நன்றி. ஆறு நாளாக மாற்றிவிட்டேன், பழையாறு வழியை அழித்துவிட்டேன். 30 டயர் பிரேக்கில் உரசுகிறது, 28தான். ஒன்று மட்டும்: மூன்று ட்யூபும் தீர்ந்துவிட்டால் ராமநாதபுரத்தில் நாட்டுச் சைக்கிள் ட்யூபை வாங்கி மடித்துப் போட்டுச் சமாளிக்கலாமா?

பஞ்சர்பலகை:

வால்வு நுழையாது. நாட்டு ட்யூபின் தண்டு 8 மி.மீ., உங்கள் ரிம் துளை 6.5. வழியில் ரிம்மைத் துளையிட்டுப் பெரிதாக்க வேண்டாம். பஞ்சரான ட்யூபுகளைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்து, ராத்திரி அறையில் உட்கார்ந்து ஒட்டுங்கள். பசை தடவி ஐந்து நிமிடம் காயவிட்டு, பளபளப்பு போனபின் ஒட்டை அழுத்தினால் காலையில் மூன்றும் தயாராக இருக்கும்.