அண்ணன் மகள் திருமண வரவேற்பில் அத்தை என்ன பேசலாம்?

மஞ்சள்காட்டு அத்தை:
அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் பெருந்துறையில் திருமணம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை நடக்கும் வரவேற்பில், பெண் வீட்டார் சார்பில் நான் பேச வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நம் கொங்குப் பக்கத்தில் அருமைக்காரர் என்ற பெரியவர் சீர்கள் எனப்படும் திருமணச் சடங்குகளை நடத்திவைப்பார், குடிமகன் எனப்படும் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார், பெரியவர்கள் ஆசி கூறுவார்கள். அத்தை மைக்கைப் பிடித்துப் பேசி நான் பார்த்ததில்லை. மேடைக் கூச்சம் எனக்குக் கிடையாது, என்ன பேசுவது என்பதில்தான் தயக்கம். எனக்கு முறையுள்ள மகன் இருப்பதால், "என் வீட்டுக்கு மருமகளாக வரவேண்டியவளை நீங்கள் கொண்டுபோகிறீர்கள்" என்று வேடிக்கையாகத் தொடங்கினால் மண்டபமே சிரிக்கும் என்கிறார் என் கொழுந்தனார். முடிக்கும்போது, "வெகுளிப் பெண், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்வதுதான் மரியாதை என்கிறார் அண்ணி. இரண்டும் சரிதானா?

நொய்யல்கரைப் பெரியவர்:
அம்மணி, கொழுந்தனார் சொல்வதைக் கேட்க வேண்டாம். அந்த வேடிக்கை நம் வீட்டுத் திண்ணையில் சிரிப்பாக இருக்கும், ஆனால் மாப்பிள்ளை வீட்டாருடன் வந்திருக்கும் தூரத்து உறவினர்கள், "அப்படியானால் முன்பே பேச்சு நடந்து முறிந்ததோ?" என்று வேனில் ஏறியதும் கேட்டுக்கொள்வார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் உங்கள் மகனுக்கும் அது தலைகுனிவு.

அத்தை என்ற உரிமையைச் சொல்ல வேறு நல்ல வழி இருக்கிறது. இணைச்சீர் என்பது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் சீர். உங்கள் அண்ணன் திருமணத்தில் அதைச் செய்தவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இந்தத் திருமணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அதற்கு உட்காரப்போகிறார். அவரைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கினால், எதிர்வீட்டாரும் காது கொடுத்துக் கேட்பார்கள். கம்பர் பாடியதாக வழிவழியாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தே சடங்குகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி வாழ்த்திவிடுவதால், பதினாறு பேறுகளை நீங்களும் மேடையில் அடுக்க வேண்டியதில்லை.

காங்கயத்து மருமகள்:
அண்ணி சொன்ன முடிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அக்கா. என் வரவேற்பில் நெருங்கிய உறவினர் ஒருவர் பாசத்தோடுதான், "செல்லமாக வளர்ந்தவள், சமையலறைப் பக்கமே போனதில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பேசினார். நான் வைத்த முதல் ரசத்திலிருந்து அடுத்த ஆடி வரைக்கும் அந்தச் சொல் என் புகுந்த வீட்டில் திரும்பத் திரும்ப வந்தது. "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது கேட்பவர்களுக்கு மனுக் கொடுப்பதுபோல் இருக்கிறது. மேடையில் நிற்கும் பெண்ணுக்கோ, தன்னிடம் ஏதோ குறை இருப்பதுபோல் படுகிறது. அதற்குப் பதிலாக, அவள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். படிப்பையும் சம்பளத்தையும் பெண் பார்க்க வந்த அன்றே விசாரித்திருப்பார்கள். நகைப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

மைக் செட்காரர்:
வணக்கம் அம்மா. மண்டபங்களில் ஒலிபெருக்கி அமைப்பது என் தொழில் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். மணமக்கள் மேடையேறியதும், படம் எடுத்துக்கொள்ளும் வரிசை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் உங்களுக்கான நேரம்; வரிசை நகரத் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் அதில் நிற்பார்கள், மீதிப் பேர் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். கச்சேரிக்காரர்களிடம் இசையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், நிறுத்தவே சொல்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் மைக் கிறீச்சிடும். மூன்று நிமிடத்துக்குத் தாளில் ஒரு பக்கம் போதும்.

மஞ்சள்காட்டு அத்தை:
பெரியவர் ஊகித்தது சரிதான். இணைச்சீர் செய்தவள் நானே. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"பெரியவர்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் வணக்கம். மாப்பிள்ளையின் தங்கை இணைச்சீருக்குத் தயாராக இருக்கிறார். பெண்ணின் அப்பாவுக்கு அந்தச் சீரைச் செய்தவள் நான். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாசி மாதம், வேகவைத்த மஞ்சள் எங்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் எல்லோரும் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த இவள், பக்கத்துத் தோட்டத்தாரைக் கூப்பிட்டு, மஞ்சளைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைத்துவிட்டு, நாங்கள் திரும்பியபோது ஒன்றும் நடக்காததுபோல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாசியிலும் எங்கள் களத்தில் மஞ்சள் காயும். சம்பந்தி வீட்டார் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போக வேண்டும்."

காங்கயத்து மருமகள்:
நன்றாக இருக்கிறது, அக்கா. துக்க வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, "வெளியூர் போயிருந்தோம்" என்று மாற்றுங்கள். சுப காரியத்தில் அந்தச் சொல் வேண்டாம். பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் பேச்சில் ஓர் இடத்தில்கூட இல்லை, அவற்றையும் சேர்த்துவிடுங்கள்.