உடற்பயிற்சியைப் பற்றி உங்கள் குடும்ப மருத்துவர் என்ன சொன்னார்? அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தாயாருக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் சேர்ந்தே இருக்கின்றன. பல ஆண்டுகள் அவரைப் பார்த்துவந்த மருத்துவர் அக்கறை உள்ளவர்தான். ஆனாலும் மருந்துச் சீட்டை நீட்டும்போது "வாக்கிங் போங்கம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, முழங்கால் வலித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் எங்கள் ஊகத்துக்கே விடப்பட்டன.

அவருக்குப் பின் வந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது அம்மாவின் அன்றாடத்தைப் பற்றித்தான். எத்தனை மணிக்கு எழுகிறார், வீட்டில் நடக்க இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பாதங்களில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்திச் சோதித்தார். உணர்ச்சி குறைந்திருந்ததால், வெறுங்காலுடன் நடக்கக் கூடாது, பாதத்தை அழுத்தாத மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள் என்றார். அம்மா சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை உட்கொள்வதால், வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும் என்று விளக்கி, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார். முழங்காலுக்கோ, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்கும் பயிற்சி. தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டு வலி தணியும் என்பது அதற்குக் காரணம். இவை அனைத்தையும் மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தார். "வீட்டு வேலையே போதுமே" என்று அதுவரை சொல்லிவந்த அம்மா, சீட்டில் எழுதியிருப்பதால் தட்டாமல் செய்கிறார்.

திருநெல்வேலியில் குடும்ப மருத்துவராக இருக்கும் உறுப்பினர்:

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. மாலை நேரத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களின் கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் நேரத்தைவிடப் பெரிய தடை தயக்கம் என்றே நான் கருதுகிறேன். இதய நோயோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவருக்கு எவ்வளவு பயிற்சி தகும் என்பதில் உறுதி இல்லாதபோது, பொதுவாக ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்வது எளிதாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நல்ல துணை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாளாவது தடுமாறி விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சி என்று அது சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டுவிட்டது. தெருவில் தனியே நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கிறேன். கொல்லைப்புறத்தில் சிறிது சிறிதாக நடப்பதும் கணக்கில் சேரும் அல்லவா? இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல, "சென்ற வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள்?" என்று கேட்பதையும் ஒவ்வொரு வருகையிலும் வழக்கமாக்கியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்கு இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு, நடந்தாலே ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டில் அனைவரும் அஞ்சினார்கள். எங்கள் குடும்ப மருத்துவர் என் மனைவியையும் உடன் அமரவைத்து, நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும், அதுவே எனக்கான வேகம் என்றார். நான் உட்கொள்ளும் மெட்டோப்ரோலால் மாத்திரை நாடித் துடிப்பை அதிகம் உயரவிடாது என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம் என்றும், நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்றுவிட வேண்டும், ஓய்வெடுத்தும் இறுக்கம் தணியாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும் என்றும் அவளிடமே சொல்லி அனுப்பினார். இப்போது மாலையில் என்னை நடக்க அழைத்துச் செல்பவள் அவள்தான்.