புலெட் கடையில் அம்மாவுக்கு எதை வாங்கித் தருவது?

நெல்லைக்காரி (ரோஸ் ஹில்) கேட்டது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மொரீஷியஸ் வந்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த மாதம் அம்மா இரண்டாவது தடவையாக வருகிறாள். போன தடவை நடந்த ஒன்று இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அப்போது ஜூலை மாதம், நல்ல குளிர். போர்ட் லூயிஸில் சைனா டவுனைச் சுற்றிவிட்டு ஒரு சின்ன புலெட் கடைக்குள் நுழைந்தோம். புலெட் என்றால் ஆவியில் வேக வைத்துச் சாறோடு தரும் சீன உருண்டை. மொத்தம் ஆறு மேசை. வாசல் பக்கத்தில் பெரிய பானையில் புயோன் என்ற அந்தச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அம்மா உள்ளே வந்ததுமே, “நம்ம வீட்டு ரசம் கொதிக்கிற மாதிரி மணமா இருக்கே” என்றாள். அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய், வெள்ளி அவள் அசைவம் தொடமாட்டாள். மற்ற நாளில் மீனும் கோழியும் சாப்பிடுவாள், மாடும் பன்றியும் எப்போதுமே கிடையாது. நான் “லெகிம்”, அதாவது காய்கறி, என்று கேட்டேன். பரிமாறியவர் பச்சை சாயலில் பளபளவென்று இருந்த உருண்டையைக் காட்டி “ஷூஷூ” என்றார். நம் சௌசௌதான் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், கடல் தாண்டி வந்தும் சௌசௌவா என்று.

இரண்டாவது கடியில் உள்ளே இறால் துண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடாமல் இருக்க நான் கிண்ணத்தைக் காலி செய்தேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்தத் தடவை அவளே “அந்த ஆவி பறக்கிற கடைக்குப் போகலாம்” என்று போனில் சொல்கிறாள். எந்த உருண்டையில் என்ன இருக்கும், இங்கே பேசும் கிரியோல் மொழியில் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் கிரியோல் பஸ் டிக்கெட் வாங்கும் அளவுதான்.

—

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் (வாக்குவா):

மகளே, கடைக்காரர் உன்னை ஏமாற்றியிருக்க மாட்டார். அந்தப் பண்டத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஷூஷூ உருண்டையை இங்கே நியூக் யென் என்பார்கள். அது ஹக்கா மொழி. நியூக் என்றால் இறைச்சி, யென் என்றால் உருண்டை. பெயரே இறைச்சி உருண்டை என்றுதான். துருவிய ஷூஷூவோடு மரவள்ளி மாவும் இறாலோ கோழியோ சேர்த்துப் பிசைந்து ஆவியில் வேக வைப்பது வழக்கம். ஷூஷூ தூக்கலாக இருப்பதால் பார்ப்பவருக்குக் காய்கறி, செய்பவருக்கு இறைச்சிப் பண்டம்.

இங்குள்ள சீனர்களில் பெரும்பாலோர் குவாங்தோங் மாகாணத்து மெய்சியான் பக்கத்திலிருந்து வந்த ஹக்கா மக்கள். என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் எங்கள் ஊரில் இருந்த ஒரே கடை சீனர் கடை. அரிசி, எண்ணெய், உப்புக்கருவாடு எல்லாம் கடன். ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார், அதற்கு கார்னே என்று பெயர். அறுவடைக் கூலி வந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். அந்தக் கடைக்காரருக்குத் தைப்பூசக் காவடி எப்போது வரும் என்று தெரியும், விரதம் இருக்கும் அந்தப் பத்து நாளும் கருவாடு வாங்க ஆள் வராது என்றும் தெரியும். ஆகவே நீ கூச்சப்படாமல் கேள். விரதம் என்பது இந்த ஊரில் விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை. “மோ பே ஃபேர் கரெம்” என்றால் போதும், விரதம் இருக்கிறேன் என்று பொருள்.

“எனா க்ரெவெத் லாதான்?” என்றால் உள்ளே இறால் இருக்கிறதா. க்ரெவெத் இருக்கும் இடத்தில் கோசோன் போட்டால் பன்றி, பெஃப் போட்டால் மாடு, பூல் என்றால் கோழி. ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒட்டுமொத்தமாக “லெகிம்” என்றதுதான் போன தடவை தப்பாகிவிட்டது. அப்புறம் புயோன்! அதை யாருமே கேட்பதில்லை. “புயோன் லா ஃபேர் அர் கி?” என்று கேள். எலும்பு போட்டுக் கொதித்த சாறு என்றால் வெள்ளிக்கிழமை அதுவும் ஆகாது.

நேரம் இருந்தால் லே சலீனில் உள்ள குவான் தீ என்ற சீனக் கோயிலுக்கும் அம்மாவை அழைத்துப் போ. 1842ஆம் ஆண்டுக் கோயில். ஊதுபத்தி வாசனையில் அவருக்கு ஊர் ஞாபகம் வரும்.

—

எபேன் ஐடி பையன்:

அக்கா, சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை போகவே போகாதீர்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள். அப்போதுதான் முதல் ஈடு தட்டில் இருக்கும். மாலையில் போனால் திரும்பத் திரும்ப ஆவி காட்டி உருண்டை ரப்பர் மாதிரி ஆகியிருக்கும், நியூக் யென்னுக்கு அந்த வழவழப்பு போனால் ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்கு மீன் உருண்டை வாங்குங்கள். வெள்ளையாக, அழுத்தினால் திரும்பி எழும். நெல்லைக்காரருக்கு மீன் பழக்கம்தானே. அதோடு கோழி சாவ் மாய் இரண்டு. மேலே வாய் திறந்த மாதிரி மாவுத் தோல் சுற்றியிருக்கும். சாவ் மாயில் பன்றி சேர்க்கும் கடைகளும் உண்டு, அதனால் அதற்கு மட்டும் இரண்டு முறை கேளுங்கள். ஜும்மா மசூதிப் பக்கம் ஹலால் கடையாகப் பார்த்துப் போனால் பன்றிக் கவலை தீரும். மாடு மட்டும் அங்கேயும் இருக்கலாம்.

பூண்டு சாஸை விட்டுவிடாதீர்கள். பூண்டு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை. உருண்டையை அதில் தோய்த்து, தனியாக ஒரு வாய் புயோன் குடிக்க வேண்டும். சாஸை நேராகக் கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டு ருசியும் போய்விடும். இதில் நான் யாரோடும் சமாதானம் ஆக மாட்டேன்.

—

காத்ர் போர்ன் அத்தை:

வெள்ளிக்கிழமைக்கு வீட்டிலேயே செய்யலாமே அம்மா. காவடி மாதத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு ஷூஷூவைத் துருவி, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டி நன்றாகப் பிழியவும். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது, தண்ணீர் நின்றால் எவ்வளவு மாவு போட்டாலும் கூழ்தான். இறாலுக்குப் பதில் பொடியாக நறுக்கிய காளான், வெங்காயத்தாள், மிளகுத்தூள். மரவள்ளி மாவைக் கை ஒட்டாத பதம் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவி இருபது நிமிடம். வெள்ளை மாவு கண்ணாடி மாதிரி ஆனால் வெந்துவிட்டது. சாறுக்குக் கேரட், முட்டைக்கோஸ், இஞ்சி போதும்.

—

நெல்லைக்காரி (ரோஸ் ஹில்):

எல்லோருக்கும் நன்றி. அம்மா வந்து பத்து நாள் ஆகிறது. போன சனிக்கிழமை மெட்ரோ ஏறிப் போர்ட் லூயிஸ் போனோம். அதே கடை, அதே பானை. நான்கு தட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டேன். அந்தப் பெண்மணி சலித்துக்கொள்ளவே இல்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி “பூல்”, “ப்வாசோன்” (மீன்), “க்ரெவெத்” என்று சொன்னார். கோசோன் இருந்த தட்டைத் தானாகவே தள்ளி வைத்தார்.

அம்மா மீன் உருண்டை நான்கு, கோழி சாவ் மாய் இரண்டு சாப்பிட்டாள். பிறகு, அவளே கேட்டு, இறால் என்று தெரிந்தே ஒரு நியூக் யென். தம்பி சொன்னபடி சாஸைத் தனியாக வைத்துத் தோய்த்துக்கொண்டாள். புயோன் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தாள்.

காசு நான்தான் கொடுப்பேன் என்று பர்ஸைத் திறந்தவள் நூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். அதில் தமிழில் எழுதியிருப்பதைப் போன தடவை நான் காட்டவே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டாள். ரங்கநாதன் சீனிவாசன், நம் தமிழர் என்றேன். மீதியாக வந்த இருபத்தைந்து ரூபாய்த் தாளில் ஆ சுவென் படம். அவர் இந்த நாட்டின் முதல் சீன வம்சாவளி அமைச்சர் என்று கடைப் பெண்மணியே சொன்னார். அம்மா அந்தத் தாளைச் செலவழிக்காமல் ஊருக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருக்கிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. அத்தை சொன்ன மாதிரி வீட்டில் செய்தோம். முதல் ஈடு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. இரண்டாவது ஈட்டுக்கு அம்மா துணியை என்னிடமிருந்து வாங்கி அவளே பிழிந்தாள்.