மலைப்பாம்பு வளர்க்க லைசன்ஸ் எடுக்கச் சொல்லலாமா?

பால்மரத்தான்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டியைக் கண்டால் பையன்கள் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்புறம் டிக்டாக்கில் வீடியோ. திட்டிப் பயனில்லை. பெர்ஹிலித்தானில் (வனவிலங்குத் துறை) லைசன்ஸ் எடுத்து முறையாக வளர்க்கச் சொல்லிக்கொடுப்போம். ஆசையை அடக்கினால் ஒளித்துத்தான் வளர்ப்பார்கள்.

லயத்து ராணி:
தம்பி, மலைப்பாம்பும் உடும்பும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. லைசன்ஸ் இல்லாமல் பிடிப்பதே குற்றம். சாக்கில் கட்டிய பிறகு லைசன்ஸுக்கு ஓடினால் யார் கொடுப்பார்கள்? வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் கிடந்து எலி தின்கிற பாம்பு அது. எலிக்காக ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கும் தோட்டங்கள் உண்டு. அதே வேலையைச் சும்மா செய்கிற பாம்பை ஏன் தூக்க வேண்டும்?

பால்மரத்தான்:
சரி அக்கா, காட்டில் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நான் சொல்வது பண்ணையில் பொரித்து லைசன்ஸோடு விற்கும் குட்டிகளை. பாம்போடு பழகிய பிள்ளை வெளியில் ஒன்றைக் கண்டதும் பாராங் கத்தியைத் தூக்காது.

கவின்:
அண்ணே, நம்ம ஊர் மலைப்பாம்பு உலகிலேயே நீளமான பாம்பு. இருபது வருடத்துக்கு மேலும் வாழும். லயத்து வீட்டில் எங்கே வைப்பது? பெரிதானதும் ஆற்றோரம் விட்டுவிடத்தான் தோன்றும். பார்க்கத்தானே ஆசை? தள்ளி நின்று ஃபோனில் பெரிதாக்கிப் பாருங்கள். மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் தெரியும். இருட்டில் இரையின் உடல் சூட்டை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. வயிறு புடைத்துக் கிடந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மிரண்டால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

லயத்து ராணி:
மட்டையைக் கையால் புரட்டவும் வேண்டாம், நாகம் இருக்கும். பூட்ஸ், டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். படம் போட்டால் எந்தத் தோட்டம், எந்த நிரை என்று எழுதாதீர்கள், பிடிக்கிறவர்களும் படிக்கிறார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் 999, பொம்பா (தீயணைப்புத் துறை) ஆட்கள் வந்து பிடிப்பார்கள்.

பால்மரத்தான்:
இடம் போடக்கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வளர்ப்பதில் என் பேச்சு மாறாது. ஆப்பிரிக்க பால் பைதான் (ball python) என்கிற சின்ன மலைப்பாம்பு ஒன்றரை மீட்டருக்கு மேல் அதிகம் வளராது. பெர்ஹிலித்தானில் விசாரித்து, விற்பவரின் லைசன்ஸைப் பார்த்து வாங்கட்டும். காட்டாமல் இழுத்தடித்தால் வாங்க வேண்டாம்.

லயத்து ராணி:
பெரியவர்கள் அப்படிச் செய்தால் நான் தடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மட்டும் வளர்ப்பு ஆசையைக் கிளப்பாதீர்கள் தம்பி. அவர்களுக்கு லைசன்ஸ் தெரியாது, மட்டைக் குவியல்தான் தெரியும்.